பின் சீட் பெல்ட்: சூர்யா ஆத்துப் பாலத்துல மோதின கார், உள்ள இருந்த நாலு பேர்

நான் இன்சூரன்ஸ் சர்வேயர், திருச்சி பக்கம், இந்த வேலைக்கு வந்து இருபது வருஷம் ஆகப் போகுது. அடிபட்ட வண்டி ஒர்க்‌ஷாப்ல நிக்கும், நான் போய் போட்டோ எடுப்பேன், எந்த பார்ட் மாத்தணும் எதைத் தட்டி எடுக்கலாம்னு எழுதிக் கொடுப்பேன், அவ்ளோதான் வேலை. ஆனா வருஷக்கணக்கா இதையே பாத்துட்டு இருந்தா உள்ள யார் எங்க உக்காந்திருந்தாங்க, என்ன ஆனாங்கன்னு வண்டிய வச்சே தெரிஞ்சிடும். முன் கண்ணாடில சிலந்தி வலை மாதிரி வட்டமா விரிசல், உள்ள இருந்து வெளிய தள்ளினது, அதுல ரெண்டு மூணு முடி ஒட்டிட்டு இருக்கும். அது பெல்ட் போடாத ஆளோட தலை. பெல்ட்டை முழுசா வெளிய இழுத்துப் பாத்தா மேல் வளையத்துல உரசின எடம் மட்டும் பளபளன்னு தேஞ்சு போயிருக்கும், அது பெல்ட் போட்ட ஆள், அவர்ட்ட பெரும்பாலும் நான் போன்லயே பேசிடலாம். ரெண்டு தடத்தையும் ஒரே வண்டில பாத்த நாளும் உண்டு.

இதை எழுதக் காரணம் எங்க மாப்ள, தங்கச்சி வீட்டுக்காரர். போன மாசம் புது கார் எடுத்தார், மாலை போட்டு எலுமிச்சம்பழத்து மேல டயர ஏத்தின கையோட எனக்குதான் முதல் போன். "ஆறு ஏர்பேக் மச்சான், இனிமே குடும்பத்தோட எங்க வேணா போலாம்." சந்தோஷத்தைக் கெடுக்க வேணாமேன்னு "சூப்பர் மாப்ள, பின்னாடி உக்கார்றவங்க பெல்ட் போடுவாங்கல்ல"ன்னு மட்டும் கேட்டேன். "பின்னாடி எதுக்கு மச்சான், அதான் முன்னாடி சீட்டு தடுப்பா இருக்கே"ன்னார்.

இந்த நெனப்புக்கு நாடே பாத்த கேஸ் ஒண்ணு இருக்கு. நான் சர்வே பண்ணின வண்டி இல்ல அது, ஆனா போலீஸ் சொன்னது, கார் கம்பெனி கொடுத்த டேட்டா, பேப்பர்ல வந்ததுன்னு தொழில் புத்தில அப்பவே ஒண்ணு விடாம படிச்சேன். மாப்ளைக்கு போன்ல சொல்லிப் புரிய வைக்க முடியல, அதனால உக்காந்து எழுதிட்டேன்.

அன்னைக்கு நடந்தது

2022 செப்டம்பர் 4, ஞாயித்துக்கிழமை. சைரஸ் மிஸ்திரி, 2012லேர்ந்து 2016 வரைக்கும் டாடா சன்ஸ் தலைவரா இருந்தவர், வயசு 54. குஜராத்ல உத்வாடான்னு ஒரு சின்ன ஊர், அங்க இருக்குற நெருப்புக் கோயில் பார்சிக்காரங்களுக்கு ரொம்ப புனிதமான எடம், அந்த ஊருக்குப் போயிட்டு மும்பை திரும்பிட்டு இருந்தாங்க. கார்ல நாலு பேர். ஓட்டினது மும்பைல பேர் வாங்கின ஒரு மகப்பேறு டாக்டரம்மா, பக்கத்து சீட்ல அவங்க வீட்டுக்காரர், பின்னாடி மிஸ்திரியும் அந்த வீட்டுக்காரரோட கூடப் பொறந்தவரும். கார் மெர்சிடிஸ் ஜிஎல்சி. 2015ல ஐரோப்பால மோதிப் பாத்து அஞ்சு ஸ்டார் கொடுத்த மாடல், அதாவது இதுக்கு மேல பத்திரமான வண்டி வேணும்னா தேடித்தான் புடிக்கணும்.

மகாராஷ்டிரா பால்கர் மாவட்டம், சரோட்டி பக்கத்துல சூர்யா ஆத்து மேல ஒரு பாலம். மத்தியானம் ரெண்டரை மணி வாக்குல கார் அந்தப் பாலத்தோட கைப்பிடிச் சுவர் முனைல போய் மோதிச்சு. பின்னாடி இருந்த ரெண்டு பேரும் இறந்துட்டாங்க. முன்னாடி இருந்த ரெண்டு பேருக்கும் பலமான அடி, எலும்பெல்லாம் உடைஞ்சு, ஓட்டினவங்க மூணு மாசத்துக்கு மேல ஆஸ்பத்திரில இருந்தாங்க, ஆனா ரெண்டு பேரும் பொழச்சாங்க. முன்னாடி ரெண்டு பேரும் பெல்ட் போட்டிருந்தாங்க, பின்னாடி ரெண்டு பேரும் போடல.

சாதாரணமா நம்ம ஊர்ல என்ன சொல்வோம்? முன்சீட்டுதான் சாவு சீட்டு, பின்னாடி உக்காந்தா பத்திரம்னு. பெரியவங்க, முக்கியமானவங்க, குழந்தைங்க எல்லாரையும் பின்னாடிதான் உக்கார வைப்போம். அந்த நெனப்பை அப்படியே தலைகீழா கவுத்த கேஸ் இது.

ரோடு, வேகம்

ரோட்டு மேலயும் தப்பு இருந்துச்சு, அதை மறைக்கக் கூடாது. அங்க மூணு லேனா வர்ற ரோடு பாலத்துக்கிட்ட ரெண்டு லேனா சுருங்குது. தடயவியல் குழு போய்ப் பாத்துட்டு பாலத்துச் சுவர் ரோட்டு ஓரத்து லேனுக்குள்ளயே நீட்டிட்டு இருக்குன்னு சொன்னாங்க. முன்சீட்ல இருந்தவர் போலீஸ்ல கொடுத்த வாக்குமூலமும் இதேதான், முன்னாடி போன கார் மூணாவது லேன்லேர்ந்து ரெண்டாவது லேனுக்கு மாறிச்சு, இவங்களும் மாறப் பாத்தாங்க, வலது பக்கம் ஒரு லாரி இருந்ததால மாற முடியல. நம்ம ஹைவேல பழைய பாலம் வர்ற எடத்துல எல்லாம் இந்தக் கழுத்து இருக்கு, ராத்திரில ஒரு ரிஃப்ளெக்டர் கூட இருக்காது, அது தனியா புலம்ப வேண்டிய விஷயம்.

அடுத்து வேகம். சிசிடிவிய வச்சு போலீஸ் முதல்ல சொன்ன கணக்கு, கடைசி 20 கிலோமீட்டரை 9 நிமிஷத்துல வந்திருக்காங்கன்னு. வகுத்துப் பாத்தா மணிக்கு 133 கி.மீ. சராசரி. அப்புறம் கார்ல பதிவான டேட்டாவ எடுத்து மெர்சிடிஸ் கம்பெனி கொடுத்த தகவல் வந்துச்சு: மோதறதுக்கு சில விநாடி முன்னாடி 100, பிரேக் மிதிச்சிருக்காங்க, சுவர்ல மோதினப்ப 89. நான் ரெண்டாவதைத்தான் எடுத்துக்குவேன், ஏன்னா உடம்புக்குத் தெரியறது சராசரி வேகம் இல்ல, மோதற நேரத்து வேகம்.

89 கி.மீ.ன்னா எவ்ளோன்னு நமக்கு மனசுல நிக்காது, ஹைவேல 89 எல்லாம் ஊர்ந்து போற மாதிரிதான் இருக்கும். பள்ளிக்கூடத்து கணக்கு போட்டுப் பாத்தேன். 31 மீட்டர் உயரத்துலேர்ந்து கீழ விழுந்தா தரைய தொடறப்ப வர்ற வேகம் இது. பத்து மாடி. டவுனுக்குள்ள போற 50 கி.மீ. கூட மூணு மாடிக்கு மேல வருது. மொட்டை மாடி கைப்பிடிச் சுவர்ல குழந்தை ஏறினா அலறுறோம், அதே குழந்தை 80ல போற கார்ல ரெண்டு சீட்டுக்கு நடுவுல நின்னுக்கிட்டு பாட்டு மாத்திட்டு இருக்கும், நம்மளே "அந்த பாட்டு போடு கண்ணு"ன்னு சொல்லிட்டு இருப்போம்.

உள்ள என்ன நடக்குது

மோதினவுடனே காரோட மூக்கு நசுங்குது. பாக்க பயமா இருக்கும், "ஐயோ தகரம் மாதிரி நசுங்கிடுச்சே, அந்தக் காலத்து அம்பாசடர்னா இப்படி ஆகுமா"ன்னு ஒர்க்‌ஷாப்ல யாராவது ஒருத்தர் கண்டிப்பா சொல்வார். நசுங்கறதுக்குன்னே செஞ்சது அது. பானெட் அரை மீட்டர், முக்கால் மீட்டர் நசுங்கற அந்த நேரம், ஒரு விநாடில பத்துல ஒரு பங்கு, அதுக்குள்ளதான் கார் தன் வேகத்தை எல்லாம் செலவு பண்ணி நிக்குது. பெல்ட் போட்ட ஆள் காரோட கட்டிப் போட்ட மாதிரி இருக்கார், அதனால அந்த நசுங்கல்ல அவருக்கும் பங்கு கிடைக்குது, அவரும் காரோட சேந்து நிக்கிறார். பெல்ட் போடாத ஆளுக்கு அந்தப் பங்கே கிடையாது. கார் முக்கால்வாசி நின்ன பிறகும் அவர் உடம்பு அதே 89ல முன்னாடி போயிட்டு இருக்கு. டவுன் பஸ்ல டிரைவர் சடன் பிரேக் போட்டா படிக்கட்டுலேர்ந்து எஞ்சின் வரைக்கும் எல்லாரும் ஒரு சாய் சாய்வோமே, அதேதான், பத்து மடங்கு இருபது மடங்குன்னு வச்சுக்கோங்க.

கையால புடிச்சுக்கலாம்ல? 70 கிலோ ஆள், அந்த வேகம், பத்துல ஒரு பங்கு விநாடில நிக்கணும்னா வர்ற விசை 1700 கிலோ தூக்கற அளவு. பெல்ட் போடாதவர் அதைவிட குறைஞ்ச நேரத்துல நிக்கிறார், முன்சீட்டு முதுகுல முட்டி நிக்கிறார், அப்ப இன்னும் ஜாஸ்தி. முன்சீட்டு தடுப்பா இருக்கேன்னு மாப்ள சொன்னாரே, அந்த சீட்டுக்குள்ள இரும்பு ஃப்ரேம் இருக்கு, அதுல ஒரு ஆள் உக்காந்திருக்கார். பின்னாடி இருந்து வர்ற 70 கிலோ அந்த ஆளோட முதுகுல போய் விழுது. பின்னாடி இருக்கவர் பெல்ட் போடலன்னா முன்னாடி பெல்ட் போட்டு ஒழுங்கா உக்காந்தவருக்கும் ஆபத்துதான். "என் உயிரு, நான் போடல, உனக்கென்ன"ன்னு கேக்கறவங்களுக்கு எங்கிட்ட இருக்க ஒரே பதில் இது.

ஒரு அடிக்கு மூணு மோதல்னு எங்க தொழில்ல சொல்வோம். கார் சுவர்ல மோதும், ஆள் கார்ல மோதுவார், அவருக்குள்ள ஈரலும் மூளையும் எலும்புக்கூட்டுல மோதும். மூணாவதுதான் ஆளைக் கொல்லும், வெளிய ஒரு சிராய்ப்பு கூட தெரியாது. 2014 ஜூன்ல மத்திய அமைச்சர் கோபிநாத் முண்டே டெல்லில இறந்தாரே, அவரும் பின் சீட்ல பெல்ட் இல்லாமதான் இருந்தார், ஈரல் கிழிஞ்சிருந்ததுன்னு அப்ப சொன்னாங்க. அப்பவும் ஒரு வாரம் எல்லா சேனல்லயும் பின் சீட் பெல்ட் பத்தி பேசினாங்க.

ஆறு ஏர்பேக்குல பின்னாடி எத்தனை

மாப்ளையோட ஆறு ஏர்பேக் கணக்குக்கு வரேன். ரெண்டு முன்னாடி, ஸ்டீயரிங்ல ஒண்ணு, பக்கத்து டேஷ்போர்டுல ஒண்ணு. ரெண்டு முன்சீட்டோட பக்கவாட்டுல. ரெண்டு கதவுக்கு மேல திரை மாதிரி இறங்கற கர்ட்டன், அது மட்டும்தான் பின்னாடி வரைக்கும் நீளும், அதுவும் பக்கத்துல இருந்து இடிச்சா, வண்டி உருண்டா தலையக் காப்பாத்தறதுக்கு. நேருக்கு நேர் மோதினா பின் சீட்டு ஆளோட நெஞ்சுக்கு எதிர்ல விரிய ஒரு பை கூட கிடையாது, கோடி ரூபாய்க்கு மேல விக்கிற ஒண்ணு ரெண்டு மாடல்ல தவிர. மிஸ்திரி போன கார்லயும் ஏர்பேக் விரிஞ்சிருந்துச்சு. பின்னாடி இருந்தவங்களுக்கு அது எதிர்ல இல்ல.

அப்ப ஏர்பேக் சும்மாவா? இல்ல, ஆனா அது பெல்ட்டுக்கு எடுபிடி. கம்பெனிக்காரனே அதுல எஸ்ஆர்எஸ்னு அச்சடிச்சு வச்சிருக்கான், துணைக்கு வர்ற சாதனம்னு அர்த்தம். மெயின் ஆளு பெல்ட்டு. சென்சார் அதிர்ச்சிய உணர்ந்தவுடனே ஒரு சின்ன வெடி பத்த வைக்கும், அதுலேர்ந்து வர்ற கேஸ் பைய நிரப்பும், எல்லாம் 30 மில்லி விநாடிக்குள்ள முடிஞ்சிடும், கண் சிமிட்டக் கூட அதைவிட நேரம் ஆகும். பை வெளிய வர்ற வேகம் மணிக்கு 300 கி.மீ. வரைக்கும் போகும். அது முழுசா விரிஞ்சு காத்து இறங்க ஆரம்பிக்கறப்ப உங்க முகம் போய் அதுல சாயணும், அப்பதான் அது தலையணை. பெல்ட் இல்லாம முன்னாடியே வந்துட்டீங்கன்னா பை விரிஞ்சிட்டு இருக்கறப்பவே முகத்தைக் கொண்டு போய் வைக்கிறீங்க, அப்ப அது தலையணை இல்ல, குத்து. அதனாலதான் ஸ்டீயரிங் நடுவுக்கும் நெஞ்செலும்புக்கும் நடுவுல ஒரு 25 சென்டிமீட்டராவது எடம் விடுங்கன்னு சொல்றாங்க. எங்க ஊர்ல குள்ளமா இருக்க அக்காமாருங்க கார் ஓட்டப் பழகறப்ப ஸ்டீயரிங்கக் கட்டிப் புடிச்ச மாதிரி உக்காருவாங்க, சீட்டைக் கொஞ்சம் ஒசத்திட்டுப் பின்னாடி தள்ளினாலே போதும், பெடல் எட்டும்.

டேஷ்போர்டுல புள்ளையார் வைக்கிறதும் இதுல வருது. சாமிய வேணாம்னு சொல்லல, வலது பக்கமோ நடுவுலயோ வைங்க. இடது பக்கம் ஏர்பேக்னு எழுதின மூடி மேலயே ரெண்டு பக்கம் ஒட்டற டேப் போட்டு பித்தளைப் புள்ளையார ஒட்டி வச்சிருந்த வண்டிய நான் பாத்திருக்கேன், பை விரிஞ்சப்ப புள்ளையார் பின் கண்ணாடிய உடைச்சிட்டு வெளிய போயிட்டார். நல்லவேளை பக்கத்து சீட்ல ஆள் இல்ல. அதே மாதிரி டேஷ்போர்டு மேல காலைத் தூக்கி வச்சுட்டு தூங்கறது. என் வீட்டம்மாவே இந்தப் பழக்கத்துல இருந்தவங்கதான், "என்னங்க காலு வீங்குது"ம்பாங்க. பை விரிஞ்சா முட்டி வந்து முகத்துல அடிக்கும், தொடை எலும்பு இடுப்புலேர்ந்து கழண்டுடும்னு ஒருநாள் சொன்னேன், அன்னையோட விட்டாங்க.

ஓட்டினவங்க பெல்ட்

இந்தக் கேஸ்ல எல்லாரும் பின் சீட்டைப் பத்திப் பேசிட்டு விட்டுட்ட ஒரு விஷயம் இருக்கு. போலீஸ் அப்புறமா கார் ஓட்டின டாக்டரம்மா மேல கேஸ் போட்டாங்க, கவனக்குறைவால மரணம்னு, அதுல பெல்ட்டை சரியா போடலன்னும் சொன்னாங்க. தோள் மேல வர்ற பட்டை இருந்துச்சு, இடுப்புப் பட்டை ஒழுங்கா பொருந்தலன்னு. அவங்களுக்கு இடுப்பெலும்பு உடைஞ்சிருந்துச்சு. சரியா போட்டிருந்தா உடைஞ்சிருக்காதுன்னு நான் சொல்ல வரல, 89ல சுவர்ல மோதினா எதையும் அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா பெல்ட் போடறதுக்கும் சரியா போடறதுக்கும் நடுவுல இவ்ளோ இருக்குன்னு அந்த ஒரு வரிலதான் எனக்கே உறைச்சுது.

மூணு முனை பெல்ட்டை 1959ல வால்வோ கம்பெனிக்காக வடிவமைச்சவர் நில்ஸ் போலின், அதுக்கு முன்னாடி போர் விமானத்துல பைலட்டை வெளிய தூக்கி எறியற சீட்டு செஞ்சவர். உடம்புல எந்த எலும்பு அடி தாங்கும்னு தெரிஞ்ச ஆள். இடுப்பெலும்பு, விலா, தோள்பட்டை எலும்பு, இந்த மூணு மேலதான் பட்டை போகணும்னு கணக்குப் பண்ணி செஞ்சார், வால்வோ அதை மத்த கம்பெனிக்காரங்களும் செஞ்சுக்கட்டும்னு விட்டுட்டாங்க. நம்ம ஆளுங்க என்ன பண்றோம்னா கீழ்ப் பட்டைய வயித்து மேல போடறோம், தொப்பை இருந்தா தொப்பைக்கு மேல, வயித்துல எலும்பு ஏது, அடி விழுந்தா குடல்லதான் விழும். தொடைக்கு மேல, இடுப்பெலும்புல அழுந்தற மாதிரி இறக்கிப் போட்டு, மேல் பட்டைய ஒரு இழு இழுத்து தொங்கலை எடுக்கணும். கர்ப்பமா இருக்க பொண்ணுங்க பெல்ட்டே வேணாம்னு விட்டுடறாங்க, வேணும், வயித்துக்குக் கீழ ஒரு பட்டை, மாருக்கு நடுவுல ஒரு பட்டை, வயித்து மேல மட்டும் எதுவும் போகக் கூடாது. கழுத்துல உரசுதுன்னு அக்குளுக்குக் கீழ விட்டுக்கறது ரொம்ப ஜாஸ்தி, அப்படி விட்டா விலாவ உடைச்சு உள்ள தள்ளிடும். கதவுத் தூண்ல பெல்ட்டோட மேல் கொக்கிய ஏத்தி இறக்கற பட்டன் நிறைய கார்ல இருக்கு, பத்து பேர்ல எட்டு பேருக்குத் தெரியாது, நான் கேட்டுப் பாத்திருக்கேன்.

இன்னொண்ணு, சீட்டைப் படுக்கப் போட்டு தூங்கறது. விழுப்புரம் தாண்டினா பக்கத்து சீட்டு ஆள் சாய்ச்சுப் படுத்துடுவார், பெல்ட் போட்டிருப்பார், ஆனா பட்டை நெஞ்சுலேர்ந்து ஒரு சாண் தள்ளி காத்துல தொங்கும். மோதினா உடம்பு கீழ வழுக்கிட்டு போகும், பட்டை வயித்துக்கும் கழுத்துக்கும் ஏறிடும்.

அப்புறம் அந்த கிளிப்பு. டிங் டிங் சத்தம் வராம இருக்க பக்கிள்ல சொருகி விடற இரும்புத் துண்டு, சில கார்ல சாமி படம், கம்பெனி முத்திரை எல்லாம் போட்டு அழகா இருக்கும். மிஸ்திரி கேஸுக்கு அப்புறம்தான் அரசாங்கம் இது மேல கை வச்சாங்க, 2023 மே மாசம் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அஞ்சு பெரிய ஆன்லைன் கடைங்களுக்கு உத்தரவு போட்டு 13,118 விற்பனைப் பக்கத்தை எடுக்க வச்சாங்க. எவ்ளோ பேர் வாங்கியிருந்தா இவ்ளோ பேர் வித்திருப்பாங்க பாருங்க. இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. சில கார்ல பெல்ட் போட்டிருக்கீங்களான்னு பாத்துதான் ஏர்பேக் எந்த அடிக்கு விரியணும்னு கம்ப்யூட்டர் முடிவு பண்ணும். போடலன்னா கெட்டிச் சுவர்ல 16லேர்ந்து 19 கி.மீ. வேகத்துல மோதினாலே விரியற மாதிரி, போட்டிருந்தா 26 கிட்ட வரைக்கும் பொறுக்கற மாதிரி. கிளிப்ப சொருகினா கார் நீங்க பெல்ட் போட்டிருக்கீங்கன்னு நம்பிடும். உங்களுக்கு பெல்ட்டும் இல்ல, ஏர்பேக்கும் லேட்டு.

குழந்தைங்க விஷயம்

மிஸ்திரி கார்ல குழந்தை இல்ல, ஆனா குடும்ப கார்னா இதைப் பேசாம முடியாது. 2024 செப்டம்பர்ல மலப்புரம் மாவட்டத்துல முன்சீட்ல அம்மா மடில இருந்த ரெண்டு வயசுக் குழந்தை ஏர்பேக் விரிஞ்சு இறந்துச்சு. அதே வருஷம் டிசம்பர்ல நவி மும்பைல முன்சீட்ல இருந்த 6 வயசுப் பையன். அமெரிக்கால 1990லேர்ந்து 2008க்குள்ள மெதுவான வேகத்து மோதல்ல முன் ஏர்பேக்கே ஆளைக் கொன்னது 290க்கு மேல, பக்கத்து சீட்ல செத்தவங்கள்ல பெரும்பகுதி குழந்தைங்க. பெரியவங்க நெஞ்சுக்கு நேரா வரணும்னு செஞ்ச பை, மடில இருக்க குழந்தைக்கு நேரா தலைல வரும். குழந்தைக்குப் பின்னாடி இருக்க அம்மாவுக்கு 60 கிலோன்னு வைங்க, அவங்களும் சேந்து குழந்தைய அமுக்குவாங்க.

மடில வச்சு இறுக்கிப் புடிச்சுக்கறேன்னு சொல்லாத அம்மா கிடையாது. 10 கிலோ குழந்தை, 50 கி.மீ. வேகம், நிக்கிற நேரத்துல அது 140 கிலோ மூட்டை. அரிசி மூட்டை கூட 25 கிலோதான். அன்பு இல்லாம கை விடறது இல்ல, எலும்பும் சதையும் தாங்காது, அவ்ளோதான்.

குழந்தைக்கு எடம் பின் சீட்டு, 13 வயசு வரைக்கும். கைக்குழந்தைன்னா பின்னாடி பாத்து உக்கார்ற சைல்டு சீட்டு, கழுத்து கெட்டிப்படற வரைக்கும் அதுதான். அந்த சீட்டை முன்னாடி ஏர்பேக் ஆன்ல இருக்கறப்ப மட்டும் வைக்கவே கூடாது, சன் வைசர்லயே குழந்தை படம் போட்டு குறுக்கே கோடு போட்டிருப்பாங்க, யாரும் படிக்கறது இல்ல. பெரிய பசங்களுக்கு ஏறக்குறைய 145 சென்டிமீட்டர் உயரம் வர்ற வரைக்கும் பூஸ்டர் சீட்டு வேணும், இல்லன்னா தோள் பட்டை நேரா கழுத்துல வரும். விலைதான் பிரச்சினைம்பாங்க. பதினஞ்சு லட்சத்துக்கு கார் எடுத்துட்டு சீட் கவருக்கு, அலாய் வீலுக்கு, கலர் லைட்டுக்கு செலவு பண்றதைப் பாத்துட்டுதான் சொல்றேன், பிரச்சினை விலை இல்ல.

சட்டம் இருக்கான்னு கேட்டா, இருக்கு. பின் சீட்டுலயும் பெல்ட் போடணும்னு மோட்டார் வாகன விதில ரொம்ப நாளா இருக்கு, 2019ல சட்டத்தைத் திருத்தினப்ப அபராதம் 1000 ரூபாய் ஆச்சு, 14 வயசுக்குக் கீழ உள்ள குழந்தைக்கு பெல்ட்டோ சைல்டு சீட்டோ இல்லன்னாலும் அதே 1000. மிஸ்திரி செத்த ரெண்டு மூணு நாள்ல அமைச்சர் கட்கரி இனிமே பின்னாடியும் புடிப்போம்னார். ஆறு ஏர்பேக் கட்டாயம்னு வந்த பேச்சு ஒரு வருஷம் தள்ளிப் போய், கடைசில 2023ல கட்டாயம் இல்லன்னு முடிஞ்சுது. 2022ல மட்டும் பெல்ட் போடாம இறந்தவங்க 16,715 பேர்னு மத்திய அரசு அறிக்கைல இருக்கு, அதுல 8,331 பேர் ஓட்டினவங்க இல்ல, கூட உக்காந்து வந்தவங்க. கிட்டத்தட்ட சரி பாதி.

என் தொழில்ல பாத்ததுல ரெண்டே ரெண்டு சொல்லிடறேன். செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கறவங்க, ஏற்கனவே விரிஞ்ச ஏர்பேக்க மாத்தாம மூடிய மட்டும் ஒட்டி வித்த வண்டிங்க ஊர்ல உண்டு. சாவி போட்டவுடனே ஏர்பேக் லைட் எரிஞ்சு சில விநாடில அணையணும். எரியவே இல்லன்னா பல்ப புடுங்கிட்டான்னு அர்த்தம், அணையலன்னாலும் கோளாறு. பழைய மாடல்ல ஜப்பான் டகாட்டா கம்பெனி ஏர்பேக் இருந்துச்சுன்னா அது வெயில்லயும் ஈரப்பதத்துலயும் கெட்டுப் போய் இரும்புத் துண்டா வெடிக்கும்னு உலகம் பூரா கோடிக்கணக்குல திரும்ப வாங்கினாங்க, சேசிஸ் நம்பர கார் கம்பெனி வெப்சைட்ல போட்டுப் பாத்தா நம்ம வண்டி அதுல இருக்கான்னு தெரியும், இருந்தா இலவசமாவே மாத்திக் கொடுப்பாங்க. ரெண்டாவது, ஒரு தடவை பெரிய அடில ஆளைத் தாங்கின பெல்ட்டை மாத்திடுங்க. கிளெய்ம்ல கேளுங்க, நாங்க எழுதிக் கொடுப்போம், பாதிப் பேர் பம்பருக்கு சண்டை போடுவாங்க, பெல்ட்டை கேக்கவே மாட்டாங்க.

இதெல்லாம் எழுதி மாப்ளைக்கு அனுப்பிட்டு அடுத்த ஞாயித்துக்கிழமை சமயபுரம் போலாம்னு அவர் வண்டிலயே கிளம்பினோம். படிச்சிருக்கார் போல, புள்ளையார் நடுவுக்கு நகந்திருந்தார். பின்னாடி அம்மாவும் தங்கச்சியும் ஏறினாங்க, சின்னவன் நடுவுல. அம்மா பெல்ட்டை இழுத்து கைல வச்சுட்டு தடவறாங்க தடவறாங்க, "டேய், இதை எங்கடா சொருகறது, ஓட்டையே காணோம்"ங்கறாங்க. நான் இறங்கிப் போய்ப் பாத்தேன். ஷோரூம்லேர்ந்து வந்த கையோட பதினெட்டாயிரத்துக்கு லெதர் மாதிரி சீட் கவர் போட்டிருக்கார், கடைக்காரன் மூணு பக்கிளையும் கவருக்கு அடில உள்ள தள்ளிவிட்டு அழகா இழுத்துத் தச்சிருக்கான். முன்சீட்டுப் பக்கவாட்டுல ஏர்பேக் இருக்குன்னு ஒரு சின்ன துணி லேபிள் இருக்கும், அதையும் மூடி ஒரு தையல்.

"மாப்ள, கத்திரி இருக்கா?"

"மச்சான் பதினெட்டாயிரம்"ன்னார். அப்புறம் அவரே டிக்கியத் தொறந்து டூல் கிட்டுக்குள்ள தேட ஆரம்பிச்சார். கத்திரி கிடைக்கல, பக்கத்துப் பூக்கடைல இருந்த அக்காட்ட வாங்கித்தான் வெட்டினோம், நார் ஒட்டின கத்திரி, அரை மணி நேரம் ஆச்சு, அம்மா அதுக்குள்ள உச்சிகால பூஜை முடிஞ்சிடும்னு திட்டிட்டே இருந்தாங்க.